சிசிலியின் உள்நாட்டு ஊர்கள் ஏன் மலை உச்சியில் ஏறி நிற்கின்றன?

வரைபடப்பிரியன்

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக சிசிலித் தீவின் செயற்கைக்கோள் படங்களையும் பழைய வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மத்தியதரைக் கடலிலேயே பெரிய தீவு. பரப்பு ஏறக்குறைய 25,700 சதுர கி.மீ., மக்கள்தொகை 48 லட்சம் அளவில். பலேர்மோ, மெசினா, கதானியா, சிரகூசா, திராபனி என்று பெரிய நகரங்கள் எல்லாம் கடற்கரையில். துறைமுகம் இருக்கிறது, ஊர் வளர்ந்தது, சரி. எனக்குப் பிடிபடாதது உள்நாடுதான்.

பலேர்மோவிலிருந்து கதானியாவுக்குத் தீவைக் குறுக்கே கடந்து போகிறது ஏ19 நெடுஞ்சாலை. அதன் இரு பக்கமும் கோதுமைக் குன்றுகள், கண்ணுக்கெட்டிய தூரம் வரை. வயல் நடுவே மனிதர் குடியிருக்கும் வீடு அபூர்வம். ஊர் என்று ஒன்று வந்தால் அது குன்றின் தலையில் இருக்கிறது, அதுவும் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து வாழும் பெரிய ஊராக. என்னா நகரம் 930 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இத்தாலியின் மாகாணத் தலைநகரங்களில் இதுதான் மிக உயரம். எதிர்க் குன்றில் கலஷிபெத்தா. இந்த ஊர்க்காரர்கள் விடிவதற்கு முன் கழுதையோடு இறங்கி, வயலுக்கு நடந்து, இருட்டிய பிறகு ஏறி வந்திருக்கிறார்கள். தூர வயல் என்றால் வாரம் முழுக்க வைக்கோல் குடிசையில் படுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு திரும்பியிருக்கிறார்கள்.

ஏன் இப்படி? கேட்டால் எல்லாரும் 'பாதுகாப்பு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறார்கள். 1600களில் புதிதாகக் கட்டிய உள்நாட்டு ஊர்களும் இதே மாதிரி நெருக்கமாக இருக்கின்றனவே. அப்போது எந்தப் படைக்குப் பயந்தார்கள்?

ஏட்டுச்சுவடி

நல்ல கேள்வி நண்பரே. பாதுகாப்பு என்ற பதில் என்னாவுக்குக் கச்சிதமாகப் பொருந்தும். 827இல் மசாராவில் இறங்கிய அரபுப் படை பலேர்மோவை 831லேயே பிடித்துவிட்டது. என்னா விழ 859 ஆனது. பிறகு பிரான்ஸ் பக்கமிருந்து வந்த நார்மன்களுக்கும் அதே கதை: 1061இல் மெசினா, 1072இல் பலேர்மோ, என்னாவோ 1087 வரை நீடித்தது. நீங்கள் சொன்ன கலஷிபெத்தா, முற்றுகைக்காக நார்மன் தலைவர் முதலாம் ரோஜர் அரண் எழுப்பிய குன்று.

ஆனால் உள்நாட்டு ஊர்களில் பெரும் பகுதிக்கு அவ்வளவு வயது கிடையாது. ஒரு ஊரின் தெருக்களை மேலிருந்து பாருங்கள். சந்தும் முட்டுச்சந்துமாகச் சுற்றினால் இடைக்காலத்து ஊர். நேர்க்கோட்டில் கட்டம் போட்டிருந்தால் அது அநேகமாகப் பிரபுக்கள் கட்டிய ஊர். 1500களின் பிற்பாதியிலிருந்து 1700கள் வரை, ஸ்பானிய முடியிடம் குடியேற்ற உரிமம் வாங்கி, தங்கள் கோதுமை நிலங்களின் நடுவே பிரபுக்கள் புதிய ஊர்களை எழுப்பினார்கள். நூறு ஊர்கள் அளவுக்கு இப்படி வந்தவை. தென்கிழக்கில் விட்டோரியா 1607இல் விட்டோரியா கொலோன்னா என்ற சீமாட்டியால் நிறுவப்பட்டது. ஊருக்கே அவர் பெயர். என்னாவுக்கு வடகிழக்கே லெயோன்ஃபோர்தே 1610இல் நிக்கோலோ பிளாச்சிதோ பிராஞ்சிஃபோர்த்தி கட்டியது.

பிரபுவுக்கு இதில் இரட்டை லாபம். ஐரோப்பாவில் கோதுமைக்கு விலை ஏறிக்கொண்டிருந்த காலம், அறுக்க ஆள் வேண்டும். குடிமக்கள் உள்ள ஊர் கைவசம் இருந்தால் சிசிலிப் பாராளுமன்றத்தில் இடமும் பட்டமும் கிடைக்கும். குடிவந்தவனுக்கு வீடு கட்டத் துண்டு மனை கொடுத்தார்கள். விளைநிலம் பிரபுவிடமே இருந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அந்த விவசாயிக்குச் சொந்த வயல் இல்லை. குறுகிய காலக் குத்தகை. இந்த ஆண்டு கிழக்கே ஒரு துண்டு, அடுத்த ஆண்டு மேற்கே ஒரு துண்டு. எந்த வயலில் போய் வீடு கட்டுவான்? வேலை கேட்டு நிற்க வேண்டிய இடமோ ஊர்ச் சதுக்கம். அதிகாலையில் மேற்பார்வையாளர் அங்கே வந்துதான் கூலியாட்களைப் பொறுக்கி எடுப்பார். ஊரை விட்டுத் தள்ளிக் குடியிருந்தால் அன்றைக்குக் கூலி போச்சு.

கீழைக்காற்று

ஏட்டுச்சுவடி ஐயா சொன்ன நில உடைமைக் கதை சரி. ஆனால் மலேரியாவைப் பேசாமல் சிசிலியைப் பேச முடியாது. தீவின் ஆறுகள் கோடையில் வற்றிக் குட்டை குட்டையாகத் தேங்கும். ஜூலை முதல் அக்டோபர் வரை பள்ளத்தாக்கில் படுத்து எழுந்தால் காய்ச்சல். கொசுதான் காரணம் என்று இத்தாலியில் கிராஸ்ஸி என்ற விஞ்ஞானி 1898இல் நிறுவுவதற்கு வெகு காலம் முன்பே, தாழ்நிலத்தில் இரவு தங்கக்கூடாது என்பது அந்த மக்களுக்குத் தெரியும்.

தீவின் மிகப் பெரிய சமவெளி கதானியாவுக்குத் தெற்கே இருக்கிறது. நல்ல வண்டல் மண். அங்கே பழைய ஊர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், ஏறக்குறைய ஒன்றும் தேறாது. 1943 ஜூலை 10இல் நேசப்படைகள் சிசிலியில் இறங்கின. அந்தச் சிசிலிச் சண்டை முடிவதற்குள் மலேரியாவில் படுத்த வீரர்களின் எண்ணிக்கை சண்டையில் அடிபட்டவர்களின் எண்ணிக்கையைத் தாண்டிவிட்டது. மருந்தும் மருத்துவரும் கூடவே வந்த நவீனப் படைக்கே இந்தக் கதி. குத்தகைதாரனுக்கு என்ன ஆகியிருக்கும்?

ஏட்டுச்சுவடி

மலேரியாவின் கொடுமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அதை முதல் காரணமாக வைப்பதைத்தான் மறுக்கிறேன். அதற்கு வரலாறே ஒரு சோதனை நடத்திக் காட்டியிருக்கிறது.

1940இல் முசோலினியின் அரசு பெருநிலங்களை உடைக்கிறோம் என்று சட்டம் போட்டு, வயல்களுக்கு நடுவே சேவைக் கிராமங்களைக் கட்டியது. தேவாலயம், பள்ளி, அஞ்சலகம், மருத்துவர் வீடு எல்லாம் இருந்தது. கொர்லியோனே பக்கம் உள்ள போர்கோ ஸ்கிரோ அதில் ஒன்று. போருக்குப் பிறகு பூச்சிமருந்து அடித்து மலேரியாவையும் ஒழித்தார்கள். 1950இல் உண்மையான நிலச்சீர்திருத்தமும் வந்தது. காய்ச்சல் போயிற்று, கட்டிய வீடு தயார். மக்கள் இறங்கி வந்தார்களா? பெரும்பாலும் இல்லை. போர்கோ ஸ்கிரோ இன்றைக்குக் கூரை இடிந்து கிடக்கிறது. கொடுத்த நிலம் சின்னது, பல இடங்களில் கல்லும் களிமண்ணும், தண்ணீர் கிடையாது, பாதை கிடையாது. ஜனங்கள் தூரினுக்கும் மிலானுக்கும் ஜெர்மனிக்கும் ரயில் ஏறினார்கள். அதற்கு முந்தைய தலைமுறையில் அமெரிக்கா. 1900க்கும் முதல் உலகப் போருக்கும் இடையே மட்டும் பத்து லட்சம் பேருக்கு மேல் தீவை விட்டுப் போனவர்கள்.

நிலத்தைக் கேட்டவர்களுக்கு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1947 மே 1 அன்று பியானா தெல்யி அல்பனேசிக்கு அருகே போர்தெல்லா தெல்லா ஜினெஸ்த்ராவில் மே தினம் கொண்டாடக் கூடிய விவசாயக் குடும்பங்கள் மீது துப்பாக்கிச் சூடு. 11 பேர் செத்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. கொசு ஒழிந்தாலும் அந்தப் பயம் ஒழியவில்லை.

பலேர்மோவாசி

வணக்கம். நான் இங்கே பலேர்மோவில் இருக்கிறேன், யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த குடும்பம். 80களில் இருந்து எங்கட ஆட்கள் இங்கே வரத் தொடங்கி, இப்ப இத்தாலியில் ஈழத்தமிழர் கூடுதலாக இருக்கிற நகரங்களில் இதுவும் ஒன்று.

நீங்கள் உள்நாட்டைப் பற்றிக் கதைக்கிறீர்கள், நான் அதற்கு எதிர்ப்பக்கத்தைச் சொல்கிறேன். பலேர்மோவைச் சுற்றி மலைகள் அரைவட்டமாக நிற்கும், நடுவில் சமவெளி. பொன் சிப்பி என்று அதற்குப் பெயர். மலைநீரை நிலத்துக்கு அடியில் சுரங்கக் கால்வாய் வெட்டிக் கொண்டுவந்திருக்கிறார்கள், ஈரானில் இருக்கிற கனாத் மாதிரி. சிலதுக்குள் இப்பவும் வழிகாட்டியோடு இறங்கிப் பார்க்கலாம். எலுமிச்சையும் தோடையும் (ஆரஞ்சு) அரபுக்காரர் காலத்தில் வந்தவை. நார்மன் அரசர்கள் அதே தோட்டங்களுக்கு நடுவில் சீசா மாளிகையைக் கட்டினார்கள். அரண்மனைச் சிற்றாலயத்தில் பைசாந்திய மொசைக்கும் அரபு மரவேலைக் கூரையும் ஒரே மண்டபத்தில் இருக்கு. தண்ணீர் கையில் இருந்தால் சமவெளியில் ஊர் நிற்கும் என்பதுக்கு பலேர்மோ சாட்சி.

அந்தத் தோட்டங்களுக்கு இன்னொரு கதையும் இருக்கு. 19ஆம் நூற்றாண்டில் எலுமிச்சை ஏற்றுமதியில் பணம் கொட்டினது. தோட்டத்துக்குக் காவல், பாசன முறை, சந்தைக்குப் போற வழி எல்லாத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு மிரட்டிப் பணம் வாங்கினவர்களிடம் இருந்துதான் மாஃபியா வளர்ந்தது என்று ஆராய்ச்சியாளர் பலர் சொல்கினம். 1950கள், 60களில் அவர்களின் கட்டுமானக் கொள்ளையில் பொன் சிப்பி முழுக்கக் கொங்கிறீற்று ஆனது. மலையில் ஏறி நின்று பார்த்தால் அடுக்குமாடிகளுக்கு இடையில் அங்கொன்று இங்கொன்றாகத்தான் தோட்டம் தெரியும்.

மலை என்றால் மொந்தே பெல்லெகிரீனோ. 1624இல் கொள்ளைநோய் வந்தபோது நகரத்தைக் காப்பாற்றினவர் என்று கும்பிடுகிற சாந்தா ரொசாலியாவின் குகைக்கோயில் அங்கேதான். எங்கட ஆட்கள், கத்தோலிக்கரும் சைவரும், நேர்த்தி வைத்து நடந்து ஏறுகிறார்கள். பலேர்மோக்காரருக்கு அது இப்ப பழகிப்போன காட்சி.

தேன்சிட்டு

அருமை பலேர்மோவாசி அண்ணா. எனக்கு வேறொரு சந்தேகம். சிசிலியில் நிலநடுக்கம் அடிக்கடி வருகிறது. ஊர் முழுக்க இடிந்த பிறகு, அதே குன்றில் கட்டுவதா இடம் மாற்றுவதா என்று யார் தீர்மானித்தார்கள்? உச்சியில் கட்டிய ஊர் நடுக்கத்தில் இன்னும் மோசமாகத்தானே அடிவாங்கும்?

பாறைமனிதன்

இது என் துறை என்பதால் கொஞ்சம் நீட்டுகிறேன்.

முதலில் பாறை. உள்நாட்டில் கீழே களிமண், குன்றின் தலையில் மட்டும் சுண்ணாம்பு மணற்பாறைத் தொப்பி என்பது பல இடங்களில் உள்ள அமைப்பு. என்னா அப்படித்தான். மழைநீர் மேல்பாறையில் இறங்கும், களிமண்ணைத் தாண்ட முடியாது, இரண்டும் சேரும் கோட்டில் ஊற்றாக வெளியே வரும். ஆக, மேலே போனால் உறுதியான தரையும் கிடைக்கும், தண்ணீரும் கிடைக்கும். லெயோன்ஃபோர்தேயில் வெண்கலக் குழாய் 24 வைத்து பிரபு கட்டிய பெரிய நீரூற்று இன்னும் ஓடுகிறது. கீழே களிமண் சரிவு மழையில் நழுவும். 2015 ஏப்ரலில் இதே ஏ19இன் இமெரா பாலத்தை ஒரு மண்சரிவு சாய்த்துவிட்டது. அந்தப் பாதை முழுதாகத் திறக்க 2020 ஆயிற்று. வரைபடப்பிரியன் பார்த்த காலி வயல்களுக்கு இதுவும் ஒரு காரணம். நவீனப் பொறியியலே அங்கே திணறுகிறது.

இனி நிலநடுக்கம். 1693 ஜனவரி 11. தென்கிழக்கு சிசிலி முழுக்கச் சரிந்தது, 60,000 பேர் அளவில் செத்தார்கள். கதானியாவில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் போனார்கள். அதற்கு 24 ஆண்டு முன்புதான், 1669இல், எட்னாவின் எரிகுழம்பு அந்த நகரின் மேற்குப் பகுதியை மூடியிருந்தது. கடலோரம் நின்ற உர்சினோ கோட்டையைச் சுற்றி உறைந்து, கடலையே தள்ளிவிட்டது. இன்றைக்குப் போய்ப் பார்த்தால் கோட்டை ஊருக்குள் நிற்கும்.

ஸ்பானிய ஆளுநர் சார்பில் மறுகட்டுமானத்தைப் பார்த்தவர் காமாஸ்த்ரா பிரபு ஜூசெப்பே லான்சா. தேன்சிட்டு கேட்ட கேள்விக்கு, ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி தீர்ந்தது. கதானியா அதே இடத்தில், ஆனால் தெருக்களை அகலமாக நேராக இழுத்தார்கள். அடுத்த முறை ஆடினால் ஓடி நிற்க வெளி வேண்டும் என்பதற்குத்தான். ஒக்கியோலா என்ற ஊரை அதன் பிரபு கார்லோ மரியா கராஃபா அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் கிரம்மிக்கேலே என்று அறுகோண வடிவில் புதிய ஊர் போட்டார். நடுவில் அறுகோணச் சதுக்கம், ஆறு தெருக்கள் வெளியே பாயும். செயற்கைக்கோள் படத்தில் தேடிப் பாருங்கள், உடனே தெரியும். அவோலாவும் அறுகோணம்தான்.

நோட்டோவை ஏறக்குறைய எட்டு கி.மீ. தள்ளிக் கடல் பக்கமாக இறக்கினார்கள். மக்களில் ஒரு பெரும் கூட்டம் கடைசிவரை எதிர்த்தது. பழைய குன்றுக்கே திரும்பிப் போனவர்களும் உண்டு. அதிகாரத்தில் இருந்தவர்கள் விருப்பம் வென்றது. தேன்நிறக் கல்லில் எழுந்த அந்த பரோக் நகரம்தான் 2002இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற எட்டு ஊர்களில் பெயர் பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது ரகுசா. அங்கே பிரபுக்களில் பலர் பழைய மலைமுனையை விட மறுத்தார்கள். மற்றவர்கள் மேற்கே உயர்ந்த சமதளத்தில் கட்டினார்கள். ஊர் இரண்டானது. பழையது இப்லா, ரோசாரியோ கல்யார்தி வடிவமைத்த சான் ஜோர்ஜோ தேவாலயம் அங்கே. படிக்கட்டு ஏறினால் புதிய ரகுசா. 19ஆம் நூற்றாண்டில் இரண்டும் தனித்தனி நகராட்சிகளாகவே இருந்து, 1926இல்தான் ஒன்றாயின. ஒரே இடிபாட்டுக்கு இரண்டு பதில்கள் இன்றும் எதிரெதிரே நிற்பதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது.

உச்சியில் அதிர்வு கூடுமா? கூடும், முகடுகளில் அலை பெருகும். ஆனால் தளர்ந்த வண்டல் தரையிலும் பெருகும். எந்தக் கல்லை எப்படி அடுக்கினார்கள் என்பதும் அதே அளவு முக்கியம். 1996 மார்ச்சில் நோட்டோ பேராலயத்தின் குவிமாடம் நிலநடுக்கமே இல்லாமல் இடிந்து விழுந்தது. தூண்களுக்குள் நல்ல கட்டுமானம் இல்லை, 1990 நடுக்கத்தில் விரிசல் விட்டிருந்தது, மேலே பிற்காலத்தில் கொங்கிறீற்றுக் கூரையின் பாரம் வேறு. பழைய முறையில் கல்லால் கட்டி 2007இல் திறந்தார்கள்.

தேன்சிட்டு

இவ்வளவு விரிவாக எழுதியதற்கு நன்றி ஐயா. இடம் மாற்றுவது எப்போதும் நோட்டோ மாதிரி முடிவதில்லை என்பதற்கு மேற்கே ஜிபெல்லினா இருக்கிறது. 1968 ஜனவரியில் பெலிச்சே பள்ளத்தாக்கு நிலநடுக்கத்தில் அழிந்த மலை ஊர். புதிய ஊரைப் பல கி.மீ. தள்ளிச் சமவெளியில் கட்டினார்கள். புகழ்பெற்ற கலைஞர்களை வரவழைத்துச் சிற்பங்கள், வீதி வளைவுகள். ஆனால் மக்கள் பல ஆண்டுகள் தகரக் கொட்டகைகளில் காத்துக் கிடந்தார்கள். அரசு தாமதித்தது. பழைய இடிபாட்டின் மேல் ஆல்பெர்த்தோ பூர்ரி என்ற கலைஞர் வெள்ளை சிமெண்டை ஊற்றினார், பழைய தெருக்களை நடைபாதைப் பிளவுகளாக விட்டு. 1980களில் தொடங்கி 2015இல் முடிந்தது. கலையாக அது பிரமாண்டம். ஆனால் அந்த ஊர்க்காரியாக நான் இருந்திருந்தால் என் வீட்டு வாசற்படியை சிமெண்டுக்குள் புதைத்ததை ஒப்புக்கொண்டிருப்பேனா என்று தெரியவில்லை.

பலேர்மோவாசி

நான் போய்ப் பார்த்திருக்கிறேன். புதிய ஜிபெல்லினாவில் தெருக்கள் மிக அகலம், நிழல் இல்லை, கோடையில் நடக்க ஏலாது. சிசிலியின் பழைய ஊரில் ஒடுங்கின சந்துதான் வெயிலுக்கு மருந்து. 2021 ஆகஸ்டில் சிரகூசா பக்கத்தில் 48.8 பாகை செல்சியஸ் பதிவானது, ஐரோப்பாவிலேயே பதிவான ஆகக்கூடிய வெப்பம். அப்படியான இடத்தில் வட இத்தாலியத் திட்டத்தில் ஊர் போட்டால் எப்படி? ஆனால் பூர்ரியின் வெள்ளைப் பரப்பில் நான் நிறைய நேரம் நின்றேன். இடிந்த ஊர் ஒன்றை விட்டு வந்தவனுக்கு அது கோபத்தைத் தரவில்லை. இதைத் தேன்சிட்டு தங்கச்சியோடு வாதாடச் சொல்லவில்லை, எனக்குப் பட்டது.

கீழைக்காற்று

மெசினாவைச் சேர்க்காமல் விடக்கூடாது. 1908 டிசம்பர் 28, விடிகாலை 5.20. நிலநடுக்கம், அதன் பின்னால் ஆழிப்பேரலை. குறைந்த கணக்கே 75,000 சாவுக்கு மேல், நீரிணையின் இரு கரையும் சேர்த்து. தற்காலிகக் குடிசைப் பகுதிகள் என்று போட்டவை நூறு ஆண்டுக்குப் பிறகும் காலியாகாமல் இருந்தன. இன்றைக்கும் மெசினா நீரிணையை ரயில்பெட்டிகளைக் கப்பலில் ஏற்றித்தான் கடக்கிறார்கள். குறுகிய இடத்தில் மூன்று கி.மீ.தான். பாலம் பற்றிய பேச்சு தலைமுறை தலைமுறையாக நடக்கிறது.

ஏட்டுச்சுவடி ஐயாவுக்கு: காலியான அந்த வயல் கிராமங்கள், மலேரியா போன *பிறகு* நடந்ததைத்தான் காட்டுகின்றன. முந்நூறு ஆண்டு ஒரு இடத்தில் வாழ்ந்த பிறகு உறவு, சதுக்கம், கோயில் திருவிழா எல்லாம் மேலேயே வேர் பிடித்துவிடும். தொடங்கிய காரணமும் நீடித்த காரணமும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை.

ஏட்டுச்சுவடி

அதை ஏற்கிறேன். இருந்தாலும் விட்டோரியாவைப் பாருங்கள். பிரபுக் குடும்பம் அங்கே திராட்சை பயிரிட விவசாயிக்கு நிலத்தையே நீண்டகால உரிமையில் கொடுத்தது. இன்றைக்கும் அந்தப் பக்கம் சிறு உடைமையும், வயலிலேயே வீடும், கல்வேலியுமாக நிலக்காட்சியே வேறு. ரகுசா, மோதிகா வட்டாரமும் அப்படித்தான். தீவின் நடுவே கல்தனிசெத்தா பக்கம் இது கிடையாது. இரண்டு இடத்துக்கும் கொசு ஒன்றுதான், பத்திரம்தான் வேறு.

வரைபடப்பிரியன்

எல்லாருக்கும் நன்றி. ஏட்டுச்சுவடி ஐயாவின் கடைசிக் குறிப்பைப் படித்ததும் ரகுசாவையும் கல்தனிசெத்தாவையும் ஒரே அளவில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ரகுசாவைச் சுற்றிக் கல்வேலிகள் வலை பின்னியிருக்கின்றன, நடுநடுவே பண்ணை வீடுகள். கல்தனிசெத்தாவைச் சுற்றி வெறும் உழவுக் கோடுகள். வேறுபாடு விண்வெளியிலிருந்தே தெரிகிறது. பாறையும் இரண்டு இடத்தில் வேறு என்பதால், பாறைமனிதன் ஐயாவின் பங்கையும் இதில் தள்ளிவிட முடியாது. ரகுசா பக்கம் சுண்ணாம்புக்கல். வேலி கட்டக் கல் காலடியிலேயே கிடைக்கும்.

இன்னும் ஒரு கேள்வி. இப்போது இந்த மலை ஊர்கள் என்ன ஆகின்றன? ஒரு யூரோவுக்கு வீடு விற்கிறார்கள் என்ற செய்தி மட்டும்தான் கண்ணில் படுகிறது.

பலேர்மோவாசி

ஒரு யூரோ வீடு உண்மை, சம்பூக்கா, முஸ்ஸொமெலி, காஞ்சி எல்லாம் செய்தன. வீடு ஒரு யூரோ, திருத்தி எடுக்கிற செலவு வேறு கணக்கு. கொஞ்ச ஊர்களுக்கு அதால் உயிர் வந்திருக்கு. பள்ளிக்கூடத்தையும் மருத்துவமனையையும் அது திரும்பக் கொண்டுவராது.

பெரிய பிரச்சினை தண்ணீர். 2024 வறட்சியில் என்னாவுக்குப் பக்கத்தில் உள்ள பெர்குசா ஏரி ஏறக்குறைய முழுதாக வற்றினது. என்னா, கல்தனிசெத்தா, அக்ரிஜெந்தோ மாகாணங்களில் முறை வைத்துத்தான் குழாய்த்தண்ணீர் விட்டார்கள். அன்சிபா அணையின் மிச்சத் தண்ணீரை யாருக்கு விடுவது என்று மலை ஊர் மேயர்களே ஒருவரோடொருவர் சண்டை பிடித்தார்கள். மழை குறைந்தது பாதி, ஓட்டைக் குழாயில் வழியிலேயே வீணாகிறது மீதி.

என்னாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும், நீங்கள் அதில்தானே தொடங்கினீர்கள். ரயில் நிலையம் எப்பவும் கீழே பள்ளத்தாக்கில்தான், ஊர் மேலே. இப்ப கீழ் என்னா என்கிற பகுதி வளர்ந்துகொண்டு வருகுது. கோரே பல்கலைக்கழகம் அங்கே, பெரிய மருத்துவமனையும் அங்கே. படிக்கிற பிள்ளைகள் கீழேயே அறை எடுக்கிறார்கள். அடுத்த முறை வரைபடம் பார்க்கும்போது கோட்டையில் இருந்து தெற்கே கொஞ்சம் இறங்கிப் பாருங்கோ, புதுக் கூரைகள் எல்லாம் அந்தப் பக்கம்தான்.